இங்கிலாந்தில் பனித்துளிப் பூ: தோட்டம் தாண்டிய ஒரு செடியின் வரலாறு

இங்கிலாந்தின் குளிர்காலம் முடியும் முன்பே, இலையுதிர்ந்த மரங்களின் அடியிலும், பழைய தேவாலயங்களின் கல்லறைகளைச் சுற்றியும், ஓடைக்கரைகளிலும் வெள்ளை வெளேரெனப் பூத்துவிடும் ஸ்னோடிராப் என்னும் பனித்துளிப் பூவை, அந்நாட்டார் நெடுங்காலம் தம் மண்ணில் தானே தோன்றிய காட்டுச்செடியாகக் கருதி வந்தனர். எழுத்துச் சான்றுகளையும் அச்செடி வளரும் இடங்களையும் சேர்த்துப் பார்க்கும்போது அந்தக் கருத்து நிற்கவில்லை. அது தோட்டத்திலிருந்து வெளியேறிய செடி. மனிதர் நட்டும் பிரித்தும் கைமாற்றியும் இறுதியில் மறந்தும்போன செடிகளின் வழித்தோன்றல். யாருடைய பராமரிப்பும் இன்றி ஓர் அயல்நாட்டுச் செடி தானே பெருகி ஓரிடத்தில் நிலைத்துவிடுவதை இயல்பாதல் என்று தோட்டக்கலையாளர் குறிப்பிடுகின்றனர். பனித்துளிப் பூவின் இயல்பாதலுக்குப் பின்னால் நானூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட மனித உழைப்பு இருக்கிறது. அந்தப் பெருக்கத்திற்குரிய விலையின் ஒரு பங்கைத் துருக்கியின் மலைச்சரிவுகள் கொடுத்திருக்கின்றன என்பதும் இவ்வரலாற்றின் பகுதியே.

தாவரவியலில் கலாந்தஸ் நிவாலிஸ் என்று பெயர் பெற்ற இச்செடியின் பிறப்பிடம் பிரனீஸ் மலைத்தொடர் முதல் இத்தாலி, பால்கன் நாடுகள் வழியாக உக்ரைன் வரை நீளும் நிலப்பரப்பாகும். தமிழ்நாட்டுக் கடற்கரையோரங்களில் வளரும் விஷமூங்கில் இடம்பெற்ற அமரில்லிடேசி குடும்பத்தைச் சேர்ந்தது இது. இன்றைய வகைப்பாட்டின்படி வெங்காயமும் பூண்டும்கூட அதே குடும்பத்தில்தான் வைக்கப்பட்டுள்ளன. வெங்காயத்தைப் போலவே சாறுள்ள செதில்கள் ஒன்றையொன்று சூழ்ந்து அமைந்த, உணவைச் சேமித்து வைக்கும் நிலத்தடி உறுப்பு இதற்கும் உண்டு. அதைக் குமிழம் என்பர். இலைகளின் நுனி கடினப்பட்டிருப்பதால் உறைந்த மண்ணையும் படிந்த பனியையும் துளைத்துக்கொண்டு அவை மேலே வருகின்றன. தலைகுனிந்து தொங்கும் பூவில் வெளிப்புறத்து மூன்று இதழ்கள் நீண்டும் தூய வெண்மையாகவும், உட்புறத்து மூன்று இதழ்கள் குட்டையாகவும் பச்சைப் புள்ளியுடனும் இருக்கும். வெப்பநிலை ஏறக்குறைய 10 டிகிரி செல்சியஸைத் தாண்டும் பகற்பொழுதுகளில் வெளியிதழ்கள் விரிந்து, அந்த வேளையில் பறக்கத் துணியும் தேனீக்களுக்கு வழிவிடுகின்றன.

இச்செடி பராமரிப்பின்றி வாழ்வதற்குரிய காரணம் அதன் காலக்கணக்கில் இருக்கிறது. மேலே மரங்கள் துளிர்த்து நிழல் அடைக்கும் முன்பே, தரையில் வெளிச்சம் விழும் அந்தச் சில வாரங்களுக்குள் அது பூத்து, காய்த்து, அடுத்த ஆண்டுக்கான உணவைக் குமிழத்தில் சேர்த்துக்கொண்டு, கோடை பிறக்கும்போது இலைகள் மஞ்சளாகி மண்ணுக்குள் ஒடுங்கிவிடுகிறது. இலை மஞ்சளாகும் முன்பு அதை வெட்டினால் குமிழம் மெலிந்துபோகும் என்பதால், இத்தகைய செடிகள் வளரும் புல்வெளியை முன்கோடை வரை அறுக்கக்கூடாது என்பது தோட்டக்காரர்களின் பழைய விதி. பெருக்கம் இரு வழிகளில் நிகழ்கிறது. தாய்க்குமிழத்தின் பக்கத்தில் சேய்க்குமிழங்கள் தோன்றி ஆண்டுக்காண்டு கொத்து தடிக்கிறது; விதையின் மீதுள்ள எண்ணெய்ப்பசை மிகுந்த சிறு சதைப்பற்றை நாடி எறும்புகள் விதைகளை இழுத்துச் செல்வதால் புதிய இடங்களிலும் அது முளைக்கிறது. மனிதரின் பங்கை விளக்கும் இன்னோர் இயல்பும் உண்டு. உலர்ந்துபோன குமிழம் எளிதில் பிழைப்பதில்லை. எனவே, பூத்து முடிந்தவுடன் இலை பசுமையாக இருக்கும்போதே கொத்தைத் தோண்டிப் பிரித்து, உடனடியாக வேறிடத்தில் நடுவதே நம்பகமான முறையாக விளங்கிவந்திருக்கிறது. தோண்டுபவரும் நடுபவரும் அருகருகே இருந்தால்தான் அது எளிது. ஆகவே இது கடையில் வாங்குவதைக் காட்டிலும் அண்டை வீட்டிலிருந்தும் உறவினரின் தோட்டத்திலிருந்தும் வருவதற்கு ஏற்ற செடியாயிற்று.

எழுத்துச் சான்று 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்குகிறது. லண்டனில் அறுவை மருத்துவராக இருந்து, ஹோல்பர்ன் பகுதியில் தோட்டமும் வைத்திருந்த ஜான் ஜெரார்டு 1597இல் வெளியிட்ட மூலிகை நூலில், பருவத்துக்கு முந்திப் பூக்கும் குமிழ வயலட் என்ற பெயரில் இச்செடியை விவரித்தார். அது இத்தாலியிலும் அதையொட்டிய நாடுகளிலும் காட்டில் வளர்வது என்றும், லண்டன் தோட்டங்களுக்கு ஏற்கெனவே வந்துசேர்ந்துவிட்டது என்றும் அவர் தெளிவாகவே எழுதியிருக்கிறார். அந்நூலைத் திருத்தி தாமஸ் ஜான்சன் 1633இல் கொண்டுவந்த பதிப்பில்தான் ஸ்னோடிராப் என்ற பெயர் இடம்பெறுகிறது. டாஃபடிலையும் பிரிம்ரோஸையும் வயலட்டையும் பெயர் சொல்லி அழைத்த ஷேக்ஸ்பியரின் நாடகங்களில் இந்தப் பூவுக்கு இடமில்லாததை இதனோடு சேர்த்து எண்ணிப்பார்க்க வேண்டும். ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1753இல் அறிவியல் பெயரிட்ட பிறகும் கால் நூற்றாண்டு கழித்து, 1778இல்தான் பிரித்தானியாவின் காட்டுநிலத்தில் அது வளர்வதாக முதற்குறிப்பு கிடைக்கிறது.

இந்த 1778 என்ற ஆண்டே வாதத்தின் அச்சாணி. நாடு முழுவதும் நடந்து திரிந்து புல்லையும் பாசியையும்கூடப் பதிவு செய்த ஜான் ரே போன்ற தாவரவியலாளர்கள் 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தனர். வேறெந்தப் பூவும் இல்லாத பருவத்தில் தரையை வெண்மையாக்கும் ஒரு செடி அக்காலத்தில் காடுகளில் இருந்திருந்தால், அத்தகைய கண்களுக்குத் தப்பியிருக்க வாய்ப்பில்லை. அது வளரும் இடங்களும் இதையே உறுதிசெய்கின்றன. இடிந்த வீடுகளின் அடித்தளத்தையொட்டியும், மாளிகைகளின் வண்டிப்பாதை ஓரங்களிலும், தேவாலய வளாகங்களிலும், இவற்றிலிருந்து வெள்ளம் குமிழங்களை அடித்துச்செல்லக்கூடிய ஓடைகளின் கீழ்ப்போக்கிலும் இச்செடி மிகுதியாகக் காணப்படுகிறது. இதழ்கள் அடுக்கடுக்காக அமைந்த இரட்டைப்பூ வகை தோட்டக்காரர்கள் விரும்பி வளர்த்தது. விதையால் பரவும் ஆற்றல் அதற்கு அரிது. ‘காடு’ என்று சொல்லப்படும் பல இடங்களில் அந்த வகையே திரளாக நிற்பது, அங்கே ஒரு காலத்தில் மண்வெட்டி சென்றிருக்கிறது என்பதற்கு ஏறத்தாழ ஐயமற்ற அடையாளம்.

அப்படியானால் முதலில் கொண்டுவந்தவர் யார் என்ற கேள்விக்கு, இடைக்காலத் துறவிகள் என்பது மக்களிடையே வேரூன்றிய விடை. இத்தாலிய மடாலயங்களிலிருந்து வந்த துறவிகள், மெழுகுதிரிகளை மந்திரித்து ஏந்தி வரும் பிப்ரவரி 2ஆம் நாள் திருநாளுக்காக இப்பூவைக் கொணர்ந்தனர் என்று கூறப்படுகிறது. கன்னி மரியாளின் தூய்மைச் சடங்கையும் குழந்தை இயேசு ஆலயத்தில் காணிக்கையாக்கப்பட்டதையும் நினைவுகூரும் நாள் அது. ஆங்கில நாட்டுப்புறங்களில் பூவுக்கே அத்திருநாளின் மணி என்ற பெயர் வழங்கியது. நார்ஃபோக் மாவட்டத்தில், 1538இல் எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் கலைக்கப்பட்ட வால்சிங்கம் மடாலயத்தின் நிலத்தில் இன்றும் பல ஏக்கர் பரப்பில் இப்பூ நிற்பது இக்கருத்துக்கு வலுவூட்டுவதாகக் காட்டப்படுகிறது. ஆயினும் மடாலயங்கள் இருந்த காலத்து ஆவணச் சான்று இதற்கு இல்லை. மடம் கலைக்கப்பட்ட பின் அந்நிலத்தில் மாளிகை கட்டி வாழ்ந்தவர்களும் தோட்டம் போட்டவர்களே. வடஜெர்மனியின் ஹூசும் நகர அரண்மனைப் பூங்காவில் மார்ச் மாதம் லட்சக்கணக்கில் பூக்கும் ஊதாநிறக் குரோக்கஸைப் பற்றியும், குங்குமப்பூ கிடைக்கும் என்று நம்பி பிரான்சிஸ்கன் துறவிகள் நட்டது என்ற கதை இருக்கிறது. தொடக்கம் தெரியாத பூந்திரளுக்கெல்லாம் ஒரு துறவியைக் கற்பிப்பது வட ஐரோப்பிய மரபின் பழக்கம் என்றே கொள்ளத் தோன்றுகிறது.

திருநாளோடு பூவுக்குள்ள உறவில் நாட்காட்டியும் குறுக்கிடுகிறது. 1752 வரை இங்கிலாந்து பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றியதால், 17ஆம் நூற்றாண்டில் பிப்ரவரி 2 என்று கொண்டாடப்பட்ட நாள் இன்றைய கணக்கில் பிப்ரவரி 12 ஆகும். அக்காலக் குளிர் இன்றையதைவிடக் கடுமையானது. இருந்தும் பூ திருநாளன்று மலர்ந்திருக்கும் என்ற நம்பிக்கை நிலைபெற அந்தப் பத்து நாள் வேறுபாடு உதவியிருக்க வேண்டும். மடாலயக் கதை ஐயத்திற்குரியது என்றாலும், தேவாலய வளாகம் இச்செடியைக் காப்பாற்றியது என்பதில் ஐயமில்லை. ஏர் படாத மண், பழைய மரநிழல், கல்லறைகளில் பூ நடும் வழக்கம் ஆகிய மூன்றும் அங்கே ஒன்றாக அமைந்தன. கல்லறையோடு கொண்ட இந்த நெருக்கத்தாலேயே ஒற்றைப் பூவை வீட்டுக்குள் கொண்டுவருவது தீய சகுனம் என்ற அச்சம் கிராமங்களில் நிலவியது. அதே பூ விக்டோரியா காலத்தில் கற்பின் சின்னமாகவும் ஆக்கப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொழில் நகரங்களின் ஆலைப் பெண்களுக்கு ஒழுக்கம் போதிக்க அமைந்த சங்கங்கள் இப்பூவின் பெயரையே சூட்டிக்கொண்டன.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் இப்பூவின் வரலாறு கருங்கடலை எட்டுகிறது. 1853 முதல் 1856 வரை நடந்த கிரிமியப் போரில் செவஸ்தபோல் நகரை முற்றுகையிட்டுப் பதுங்குகுழிகளில் குளிர்காலத்தைக் கழித்த பிரித்தானியப் படையினர், 1855இன் முன்வசந்தத்தில், குண்டுகள் கிழித்த மண்ணிலிருந்து பனித்துளிப் பூவும் குரோக்கஸும் ஹயசிந்தும் கிளம்புவதைக் கண்டனர். ‘டைம்ஸ்’ இதழின் போர்ச் செய்தியாளர் வில்லியம் ஹோவர்டு ரஸ்ஸலின் செய்திகளிலும் அந்தக் காட்சி பதிவாகியுள்ளது. அங்கே மலர்ந்த பனித்துளிப் பூ கலாந்தஸ் பிளிகேட்டஸ் என்ற வேற்றினம்; இலையின் ஓரங்கள் பின்புறமாக மடிந்திருப்பதும் இலை அகன்றிருப்பதும் அதன் அடையாளம். அந்த இனம் கான்ஸ்டான்டினோபிள் வழியாக மேற்கு ஐரோப்பியத் தோட்டங்களுக்கு முன்பே வந்திருந்தாலும், போரிலிருந்து மீண்டவர்கள் பைகளில் கொண்டுவந்த குமிழங்கள் ஆங்கிலக் கிராமங்களில் அதற்குப் புதிய இருப்பிடங்களை ஏற்படுத்தின. நார்ஃபோக்கின் வார்ஹம் ஊர்ப் பெயரைத் தாங்கிப் புகழ்பெற்ற வகையும் கிரிமியாவிலிருந்து வந்ததாகவே வழிவழியாகச் சொல்லப்படுகிறது.

இவ்வளவும் திட்டமின்றி நடந்தவை. அயல்நாட்டுச் செடிகளைக் காடுபோல் விளையவிடுவதை ஒரு கொள்கையாக வகுத்தவர் அயர்லாந்தில் 1838இல் பிறந்த வில்லியம் ராபின்சன். அவர் எதை எதிர்த்தார் என்பதை அறிந்தாலே அக்கொள்கையின் வீச்சு விளங்கும். 1845இல் கண்ணாடி மீதான வரி நீக்கப்பட்டதும் கண்ணாடிக் கூடங்கள் கட்டுவது மலிவாயிற்று. வெப்பநாட்டுச் செடிகளை அவற்றில் ஆயிரக்கணக்கில் நாற்றாக வளர்த்து, கோடையில் பாத்திகளில் கம்பளக் கோலம்போல் நட்டு, குளிர் வந்ததும் பிடுங்கி எறியும் முறை செல்வர் வீடுகளில் பரவியது. அந்தப் பாத்திகள் ஆண்டின் பாதிக்கு வெற்று மண்ணாகக் கிடந்தன. 1870இல் வெளிவந்த ‘காட்டுத் தோட்டம்’ என்ற தம் நூலில் ராபின்சன், குளிரைத் தாங்கும் செடிகளை அவை தாமே வாழக்கூடிய இடத்தில் ஒருமுறை நட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்று வாதிட்டார். பனித்துளிப் பூ, மஞ்சள்நிறக் குளிர்கால அகோனைட், குரோக்கஸ், சில்லா, டாஃபடில் போன்றவற்றைப் புல்வெளியிலும் மரத்தடியிலும் ஒழுங்கற்ற திரள்களாக நடுவது அந்நூலின் அறிவுரைகளில் முதன்மையானது. 1871இல் ‘தி கார்டன்’ என்ற வார இதழைத் தொடங்கி அக்கருத்தைப் பரப்பிய அவர், 1880களில் சசெக்ஸில் வாங்கிய கிரேவ்டை மாளிகையின் நிலத்தில் குமிழச் செடிகளைப் பேரளவில் நட்டு அதைச் செயலிலும் காட்டினார். கிராமத் தேவாலயங்களும் பழைய பண்ணைகளும் கவனக்குறைவால் அடைந்திருந்ததை அவர் நோக்கமாக்கினார். கவனக்குறைவிலும் அழகின் இலக்கணம் இருப்பதைக் கண்டுகொண்டவர் என்ற பெருமை அவருக்கு உரியது.

அதே தலைமுறையில் இன்னொரு போக்கு, திரளுக்கு மாறாகத் தனிச்செடியின் நுண்ணிய வேறுபாடுகளைத் தேடியது. குளோஸ்டர்ஷயரின் கோல்ஸ்பர்ன் பண்ணைக்கு உரியவரும், இளமையில் சிக்கிம் இமயத்தில் பறவைகளை ஆராய்ந்தவருமான ஹென்றி ஜான் எல்வஸ், 1874இல் துருக்கியின் இஸ்மிர் நகரையடுத்த மலைகளில் பெரிய பூவும் சாம்பல் படர்ந்த அகன்ற இலையும் கொண்ட ஓரினத்தைக் கண்டார்; மறு ஆண்டு அது அவர் பெயராலேயே கலாந்தஸ் எல்வெசியை என்று விவரிக்கப்பட்டது. சோமர்செட்டின் ஷெப்டன் மேலட் ஊரில் வாழ்ந்த ஜேம்ஸ் ஆலன், இத்தகைய இனங்களைத் திட்டமிட்டு ஒட்டுச்சேர்த்துப் புதுவகைகளை உருவாக்கிய முதல்வர்களில் ஒருவர். மெல்லிய நீண்ட காம்பில் காற்றுக்கு ஆடும் மேக்னட் வகை அவர் தந்தது. 1891இல் அரச தோட்டக்கலைக் கழகம் இப்பூவுக்கென்றே ஒரு மாநாடு நடத்தியபோது அவரும் கட்டுரை வழங்கினார். நூற்றுக்கு மேற்பட்ட வகைகளை வளர்த்த அவருடைய தோட்டத்தைச் சாம்பல் பூஞ்சை நோய் தாக்கிப் பெரும்பகுதியை அழித்தது. காட்டுத்திரளில் ஒரு செடி நோயுற்றால் இடைவெளி தெரிவதில்லை. ஒவ்வொரு செடியும் ஒரு தனி வகையாக இருக்கும் பாத்தியில் ஓர் இழப்பு மீளாத இழப்பு.

எஞ்சியவை பிழைத்தது பகிர்ந்துகொள்ளும் பழக்கத்தால்தான். டம்ஃபிரிஸ் அருகில் வாழ்ந்த சாமுவேல் ஆர்னட் எல்வஸுக்கு அனுப்பிய குமிழங்களிலிருந்து பெருகிய ‘எஸ். ஆர்னட்’ என்ற தேன்மண வகை, இன்று புல்வெளிகளில் தானே தடித்துப் பெருகும் மிகச்சிறந்த வகைகளுள் ஒன்று. என்ஃபீல்டில் மிடல்டன் மாளிகைத் தோட்டத்தை வளர்த்த இ. ஏ. பௌல்ஸ், தம்மைப் போன்ற ஆர்வலர்களைக் குறிக்க ‘கலாந்தோஃபைல்’ என்ற சொல்லைப் புழங்கவிட்டவராகக் கருதப்படுகிறார். கேம்பிரிட்ஜ்ஷயரின் ஆங்கிள்சி அபே மாளிகையில், விக்டோரியா காலக் குப்பைமேடு ஒன்றைத் துப்புரவு செய்தபோது, எப்போதோ தூக்கியெறியப்பட்ட குமிழங்கள் தமக்குள் கலந்து விதைத்துப் பல புதிய வகைகளாகப் பெருகியிருந்தது தெரியவந்தது. இதற்கு நேர்மாறாக அரிய வகைகளின் விலை ஏறிக்கொண்டே போயிற்று: இணைய ஏலங்களில் ஒரேயொரு குமிழம் 2012இல் 725 பவுண்டுக்கும், 2015இல் 1,390 பவுண்டுக்கும், 2022இல் 1,850 பவுண்டுக்கும் விற்றது. இந்த விலையேற்றம் தோட்டங்களில் திருட்டை வளர்த்தது என்பதைத் தவிர செடிக்கு அதனால் விளைந்த நன்மை சிறிது.

வரலாற்றின் வருந்தத்தக்க பகுதி, மலிவான குமிழங்களைப் பற்றியது. இயல்பாக்கும் தோட்டக்கலை நடுத்தர வீடுகளுக்கும் பரவியபோது, நூற்றுக்கணக்கில் வாங்கி நடுவதற்கேற்ற குமிழங்கள் தேவைப்பட்டன. பயிரிட்டுப் பெருக்குவதைக் காட்டிலும் துருக்கியின் டாரஸ் மலைகளில் கிராமத்தாரைக் கொண்டு தோண்டுவது வணிகர்களுக்கு ஆதாயமாக இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் எல்வஸ் கண்ட அந்த இனம் கோடிக்கணக்கில் அகழப்பட்டு, நெதர்லாந்துக்குக் கப்பலேறி, அங்கிருந்து ஐரோப்பியக் கடைகளுக்கு உலர்ந்த குமிழங்களாகச் சென்றது. உலர்த்தியதில் பெரும்பகுதி முளைக்காமலே அழிந்தது. எனவே மறு ஆண்டும் வாங்கினர், மறு ஆண்டும் தோண்டினர். வாங்கியவர்களில் பலருக்கு அது ஒரு மலையிலிருந்து பிடுங்கப்பட்டது என்பதே தெரியாது. காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற பன்னாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் 1990இல் கலாந்தஸ் பேரினம் முழுவதும் சேர்க்கப்பட்டது. அதன்படி நாடு விட்டு நாடு செல்லும் ஒவ்வொரு சரக்குக்கும் உரிமம் தேவை. அந்த ஏற்றுமதி காட்டில் அவ்வினத்தின் வாழ்வைக் கெடுக்காது என்பதை ஏற்றுமதி செய்யும் நாடு உறுதிசெய்ய வேண்டும். டாரஸ் மலைக் கிராமங்களிலேயே குமிழங்களைப் பயிரிடச் செய்து, அகழ்ந்து விற்றவர்களையே வளர்த்து விற்பவர்களாக மாற்றும் முயற்சி 1990களில் தொடங்கியது. தோண்டியவர்களைக் குற்றவாளிகளாக்காமல் அவர்களுடைய வருவாயைக் காத்த அந்த அணுகுமுறை, வெறும் தடையைவிடப் பயன் மிகுந்தது. வணிகத்தின் ஒரு பகுதி பின்னர் ஜார்ஜியாவுக்கு நகர்ந்தது. அங்கே கலாந்தஸ் வொரோனோவியை என்ற இனத்திற்கு ஆண்டுக்கு 1.5 கோடி குமிழங்கள் என்ற ஏற்றுமதி அளவு வழங்கப்பட்டது. அதே இனத்திலிருந்துதான் 1950களில் சோவியத் ஆய்வாளர்கள் கலான்டமின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தனர். மறதிநோயின் தொடக்க, இடைநிலைகளில் தரப்படும் மருந்தாக 2001இல் அமெரிக்காவில் அதற்கு ஒப்புதல் கிடைத்தது.

கியூ தாவரவியல் பூங்காவின் ஆரன் டேவிஸ் 1999இல் வெளியிட்ட ஆய்வுநூலுக்குப் பிறகும் புதிய இனங்கள் கண்டறியப்பட்டு, இப்பேரினத்தில் ஏறத்தாழ 20 இனங்கள் இன்று ஏற்கப்பட்டுள்ளன. துருக்கியின் வடமேற்கில் 2001இல் விவரிக்கப்பட்ட கலாந்தஸ் ட்ரோஜானஸ் போன்ற சில, மிகக் குறுகிய பரப்பில் அழிவின் விளிம்பில் நிற்கின்றன. இங்கிலாந்தின் பழைய வெண்திரள்கள் பெரும்பாலும் கைமாற்றிய பசுங்கொத்துகளிலிருந்து விளைந்தவை. மலைகளை வெறுமையாக்கிய உலர்குமிழ வணிகம் அவற்றுக்குத் தேவைப்படவே இல்லை. லண்டனிலும் டொராண்டோவிலும் ஆஸ்லோவிலும் வீட்டுத் தோட்டம் வைத்திருக்கும் தமிழர்கள் இச்செடியை நட விரும்பினால், பூத்து முடிந்த மார்ச், ஏப்ரல் மாதங்களில் அண்டை வீட்டாரிடம் ஒரு கொத்தைக் கேட்டுப் பெற்று அன்றே நடுவது நன்று. கடையில்தான் வாங்க வேண்டுமென்றால், குமிழம் நாற்றுப்பண்ணையில் வளர்ந்ததா, காட்டில் தோண்டியதா என்று கேட்டு, விடை தெளிவாக இல்லாதபோது வாங்காமல் திரும்ப வேண்டும்.